வானத்துக்கு ஒன்று, பூமிக்கு ஒன்று

அம்மாவின் ஜாக்கெட் ஜிப்பில் லாய்குவான் கை வைத்ததுதான் தாமதம், அம்மா அவள் மணிக்கட்டில் பட்டென்று அடித்தாள்.

“தொடாதே! நீ யாரு?”

உள்ளே கூடத்தில், சவப்பெட்டியில் அப்பா. வான்கூவரில் இருக்கும் சொந்தமெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாக வந்துகொண்டிருந்தது. அம்மா மட்டும் பளீரென்ற சிவப்பு ஜாக்கெட்டில். சீனர் வழக்கத்தில், துக்கத்துக்குச் சிவப்பு உடுத்தினால் செத்ததைக் கொண்டாடுவதாகத்தான் அர்த்தம்.

“மானம் போகுதுடி,” என்றாள் பெரிய அத்தை, அப்பாவின் அக்கா. வயது எண்பத்தாறு, வாய்க்கு மட்டும் இன்னும் இருபது. “என் தம்பி சாவுக்கு அவன் பொண்டாட்டி சிங்காரிச்சுக்கிட்டா வரணும்? கழட்டு. இல்லேன்னா வீட்டுல கொண்டுபோய் விடு.”

அனுப்பிவிட்டால் அம்மா அப்பா முகத்தை இனி பார்க்கவே முடியாது. வீட்டில்தான் யார் இருக்கிறார்கள்? நான்கு வருஷமாக அம்மாவை அப்பா ஒருவரேதான் பார்த்துக்கொண்டார், யாரிடமும் மூச்சுவிடாமல். போன் செய்தால் ‘தூங்குறா’ என்பார். டொராண்டோவில் இருந்துகொண்டு லாய்குவானும் நம்பினாள். இப்போது தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

மிஸ் தாம் மெதுவாகத் தொண்டையைச் செருமினாள். மறதி நோயாளிகளின் குடும்பங்களுக்குக் கைகொடுக்கும் சீனச் சங்கத்துக்காரி. அப்பா வாய்திறந்து பேசிய ஒரே இடம் அதுதான்.

“பெரியம்மா, அந்த ஜாக்கெட்டை வாங்கினதே உங்க தம்பிதான். ஒருநாள் மார்க்கெட்ல இவங்க காணாம போயிட்டாங்க. மூணு மணி நேரம் அலைஞ்சிருக்கார். அதுக்கப்புறம் தினமும் காலையில இதைப் போட்டுவிட்டு, ‘கழட்டாதே, எந்தக் கூட்டத்துல இருந்தாலும் வந்து கண்டுபிடிச்சிருவேன்’னு சொல்வாராம்.”

அத்தை கைத்தடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என் தம்பிக்கு இப்ப என்ன வயசுடி?”

“எழுபத்தொன்பது, அத்தை.”

“படிச்சு என்ன பிரயோஜனம்? செத்தவங்களுக்கு வானத்துக்கு ஒண்ணு, பூமிக்கு ஒண்ணு, மனுஷனுக்கு ஒண்ணு சேர்க்கணும். எண்பத்திரண்டு. எண்பது தாண்டினா கல்யாணச் சாவு. சிவப்பு உடுத்தலாம். எவனாவது கேட்டா என்கிட்ட அனுப்பு.”

அம்மா பெட்டியருகே நின்று அந்த முகத்தையே பார்த்தாள். “பாவம், அசந்து தூங்குறாரு,” என்றாள். பிறகு முன்வரிசையில் போய் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்துவிட்டு, வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

தாமதமாக வந்த ஒருவர் பையை நகர்த்தப் போனார். அத்தை கைத்தடியைக் குறுக்கே நீட்டினாள்.

“வேற இடம் பாருப்பா. அங்க ஆள் வருது.”