இரவல் பேர்

இடது கன்னத்தை வழித்துவிட்டு, வலது கன்னத்துக்காகச் சவரக் கத்தியைத் தண்ணீரில் அலசியபோதுதான் அப்பாவின் நெஞ்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது ஒதிலியாவுக்குத் தெரிந்தது. மாதக்கணக்காக அந்த அறையில் பழைய பம்பு செட்டு மாதிரி இரைந்துகொண்டிருந்த சத்தம். யாரோ சுவிட்சை அணைத்துவிட்டுப் போனது போல் இருந்தது.

"அப்பா" என்றாள்.

சோப்பு நுரை வலது கன்னத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துகொண்டிருந்தது. அவள் மூக்கினருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு கத்தியை உதறிவிட்டு மீதியையும் வழித்தாள். பாதி முகத்தோடு ஒரு மனிதனை விட்டுவிட முடியாது. மோவாய்க்கடியில் பூச்சிமருந்து பட்டு வெந்த பழைய வடு இருந்தது. அங்கே மட்டும் எப்போதும் போல மெதுவாக இழுத்தாள்.

சன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு முழுவதும் தை மாதத்துப் பனிமூட்டம் இறங்கிக் கிடந்தது. திராட்சைக் கொடி வெட்டும் பருவம். எங்கோ வரிசைகளுக்கு நடுவே கத்தரிக்கோல்கள் சடக் சடக்கென்று கேட்டன, ஆட்கள்தான் தெரியவில்லை.

தென்ச்சா அத்தை தன் பழைய பிக்கப் வண்டியை எறும்பு ஊர்வது போல் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். எழுபது வயது, இரண்டு முட்டியும் போனவள். கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, அப்பாவின் நெற்றியில் கை வைத்தாள்.

"போயிட்டியாடா? இந்தக் குளிர்லதான் போகணுமா? பழம் பழுக்கிற வரைக்கும் பொறுத்தா என்னவாம் உனக்கு?"

பிறகு ஒதிலியாவைப் பார்த்து, "சவரம் நல்லாப் பண்ணியிருக்கே" என்றாள். அழவில்லை. போர்வையின் ஓரங்களை மடித்து மெத்தைக்கடியில் செருக ஆரம்பித்தாள்.

"நாளைக்குச் சாயங்காலம் கோயில் கூடத்துல ஜெபமாலை வெச்சுடலாம்டி. ஜெபம் சொல்ற எல்பிதியாகிட்டப் பேசிட்டேன். வெட்டுக்குப் போனவங்களும் வேலை முடிஞ்சு அப்படியே வந்துடுவாங்க. அன்னிலேருந்து ஒன்பது நாள்."

"அத்தை, ஜெபத்துல அப்பா பேரைச் சொல்லச் சொல்லணும்."

"சொல்லாம? அர்னுல்போ சலாஸ்னு…"

"அது இல்லை. அவரோட சொந்தப் பேரு."

தென்ச்சாவின் கை போர்வையிலேயே நின்றது. அப்புறம் அந்த மூலையையும் செருகி முடித்தாள்.

"கொஞ்சம் காபி போடு" என்றாள்.

அப்பாவின் சொந்தப் பேர் நிகானோர் அயாலா. எல் சால்வடோரின் வடக்கு மலையில், பட்டாளத்துக்காரர்கள் வந்து தீ வைத்த ஒரு ஊரில் பிறந்தவர். முதல் பெண்டாட்டியையும் இரண்டு பிள்ளைகளையும் அந்தத் தீயில் விட்டுவிட்டு, மூன்று நாட்டு எல்லையைத் தாண்டி, கலிஃபோர்னியாவில் ஒரு தேவாலயத்தின் நிலவறைக்கு வந்து சேர்ந்தார். அந்தக் காலத்தில் குடியேற்றப் போலீஸ் பிடித்தால் விமானத்தில் ஏற்றி ஊருக்கே அனுப்பிவிடும். அப்படி அனுப்பப்பட்ட ஒருவனை மறு வாரமே சாலையோரத்தில் கை கட்டிய நிலையில் எடுத்தார்கள். அதைக் கேட்டதும் நிலவறையில் சமைத்துப் போட வந்துகொண்டிருந்த தென்ச்சா, செத்துப்போன தன் அண்ணனின் அடையாள அட்டையைக் கொண்டுவந்து அப்பா கையில் வைத்தாள். அன்றிலிருந்து அவர் அர்னுல்போ சலாஸ். இந்த மண்ணில் பிறந்தவர், தென்ச்சாவின் அண்ணன். அந்தப் பேரில்தான் வெங்காயம் பிடுங்கினார், கொடி வெட்டினார், ஒதிலியாவின் அம்மாவைக் கட்டினார், அவளைப் புதைத்தார். ஒதிலியாவும் சலாஸ்தான். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய முதல் நாளே வீட்டில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம் அப்பா பேர் என்ன என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பது.

வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் அந்தச் சொந்தப் பேர் காற்றில் வரும். எல் சால்வடோரில் கொல்லப்பட்ட பேராயரின் நினைவு நாளில், அந்நாட்டு மக்களுக்கு ஆதரவான ஒற்றுமைக் குழுக்காரர்கள் இங்கே கூட்டம் போட்டு, அங்கே செத்தவர்களின் பேரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார்கள். கூட்டம் மொத்தமும் செத்தவனுக்குப் பதிலாக "இருக்கேன்" என்று குரல் கொடுக்கும். தீயில் தப்பிய ஊர்க்காரர்கள் அப்பாவையும் செத்தவர்களோடு சேர்த்திருந்தார்கள். "நிகானோர் அயாலா" என்று மேடையில் கூப்பிடுவார்கள். கடைசி வரிசையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவும் "இருக்கேன்" என்பார். சின்ன வயதில் ஒதிலியா அதற்குச் சிரித்திருக்கிறாள்.

"ஏம்பா, உசுரோட இருக்கேன்னு சொல்லிடலாமில்ல?"

"செத்தவனைத் தேடிக்கிட்டு எவனும் வரமாட்டான் மகளே. அங்கே என் அக்கா இருக்கா. நான் செத்துட்டேன்னு இருக்கிற வரைக்கும் அவ வீட்டுக் கதவை எவனும் உதைக்கமாட்டான்."

அங்கே உள்நாட்டுச் சண்டை முடிந்து, அந்த அக்காவும் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் செத்தவராகவே இருந்துவிட்டார். பழகிப்போய்விட்டது.

ஒதிலியாவுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். ஒரு தடவை, நாலு பேர் கூடிய இடத்தில், உடம்பு அங்கேயே இருக்கும்போது, அந்த உடம்பின் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் கூடத்தில் பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் போன ஆட்கள் பூட்ஸில் சேற்றோடு நேராக வந்து, வாசலில் காலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, முடியாமல் அப்படியே உள்ளே வந்தார்கள். கங்காணி இந்தலேசியோ பெட்டிக்குள் எட்டிப் பார்த்து மூக்கைச் சிந்தினார்.

"நாம ஒரு வரிசை வெட்டறதுக்குள்ள இவன் ரெண்டு வெட்டிட்டு, அந்தக் கோடியில நின்னு சிரிப்பான். ராஸ்கல்."

"உன் வாய்க்குப் பயந்துதான்ணே அவ்வளவு வேகமா வெட்டினாரு" என்றான் பின்னால் நின்ற ஒருவன். இரண்டு மூன்று பேர் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

ஜெபம் சொல்லும் எல்பிதியா அம்மாள் கூடத்துச் சமையலறையில் உட்கார்ந்து தொண்டைக்கு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் செத்த அத்தனை பேருக்கும் ஜெபம் சொன்ன குரல்.

"பேரைச் சொல்லு கண்ணு. முழுப் பேரு. தப்பாச் சொன்னா ஜெபம் வேற எவனுக்காவது போய்ச் சேரும். அப்புறம் உங்கப்பன் அங்கே வாசல்ல நின்னு என்னைத்தான் திட்டுவான்."

"நிகானோர் அயாலா" என்றாள் ஒதிலியா.

அடுப்படியில் சோளமாவுத் தமாலே வேகும் பாத்திரத்தின் மூடியைத் திறந்துகொண்டிருந்த தென்ச்சா திரும்பினாள்.

"அர்னுல்போ சலாஸ்" என்றாள்.

எல்பிதியா அம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் செத்தவங்களுக்குச் சொல்றவ, போலீஸ் இல்லை. எது எப்படின்னு கேக்கமாட்டேன். ஆனா ஜெபத்துல ஒரு பேருதான் சொல்ல முடியும். ரெண்டு பேர் சொன்னா, இன்னொரு பெட்டி எங்கேன்னு அந்த இந்தலேசியோவே கேப்பான். வெளியில போய் ஒரு காபி குடிச்சிட்டு வர்றேன். முடிவு பண்ணி வைங்க."

கதவு சாத்தியதும் ஒதிலியா தாழ்ந்த குரலில் வெடித்தாள்.

"இனிமே யாருக்கு அத்தை பயம்? சண்டை முடிஞ்சு எத்தனை வருஷமாச்சு! இவரை இனிமே யாரு பிடிச்சுக்கிட்டுப் போகப்போறாங்க? காலம் பூரா உங்க அண்ணன் பேருக்கு உழைச்சாரு. செத்த பிறகாவது அவரை விட்டுடக் கூடாதா?"

"பயம் இல்லைடி."

"பின்னே என்ன? கொடுத்ததைத் திருப்பிக் கேக்கறீங்களா?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பேச்சு என்று அவளுக்கே உறைத்தது. தென்ச்சா மூடியைப் பாத்திரத்தின் மேல் வைத்தாள். கை துடைத்துக்கொண்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, முட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

"அர்னுல்போ எப்படிச் செத்தான்னு உனக்குத் தெரியுமா?"

"வேலைநிறுத்தத்துல அடிபட்டு."

"ஆமா. கருங்காலிங்களை ஏத்திக்கிட்டு வந்த வண்டியை மறிச்சான். மண்டையில அடிச்சானுங்க. இங்கே இருந்தா கேசு போட்டு உள்ளே தள்ளிடுவான்னு எல்லைக்கு அந்தாண்ட, மெஹிகாலியில இருந்த பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினோம். தலைவலி தலைவலின்னுக்கிட்டே கிடந்து அங்கேயே போயிட்டான். அங்கேயே புதைச்சாங்க. அந்தச் சேதி வந்த வாரம்தான் உங்கப்பன் அந்த நிலவறையில இருந்தான்."

ஒதிலியா அடுப்பின் தீயைக் குறைத்தாள்.

"எங்கம்மா எங்க எல்லாரையும் உட்கார வெச்சுச் சொன்னா. அழுதா ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிஞ்சா அந்தப் பேரும் செத்துடும். ஒருத்தன் போயிட்டான், அந்தப் பேர்ல இன்னொருத்தனாவது பொழைக்கட்டும்னா. ஜெபம் வைக்கல. படம் மாட்டல. நான் கறுப்புத் துணி போடல. திங்கக்கிழமை சிவப்புச் சட்டை போட்டுக்கிட்டு கீரைக்கட்டு கட்டப் போனேன். அண்ணன் எங்கேன்னு கேட்டவங்களுக்கு, ஆப்பிள் பறிக்கப் போயிருக்கான்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அடுத்த பருவத்துக்கு, எங்களைத் தெரியாத இந்த ஊருக்கு உங்கப்பனையும் கூட்டிக்கிட்டு வந்துட்டோம். எங்கம்மா சாகற வரைக்கும் வாயைத் திறந்து அவனுக்காக ஒரு தடவை அழல. அப்படியே மென்னு முழுங்கிட்டுப் போனா."

வெளியே நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"உங்கப்பன் எனக்கு அண்ணனாத்தான் இருந்தான். குறை சொல்லமாட்டேன். ஆனா அவன் உசுரோட இருந்த வரைக்கும் என் அண்ணன் சாகவே முடியலடி. நேத்துக் காலையிலதான் செத்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நாலு பேருக்கு முன்னால அவன் பேரைச் சொல்லி நான் அழணும். அவ்வளவுதான். அதுக்கு மேல உன் இஷ்டம். பெட்டியில கிடக்கறவன் உன் அப்பன்."

ஒதிலியா பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நினைவு நாள் கூட்டம் முடிந்து வந்த அப்பா இதே போலச் சமையலறையில் நின்று சொன்னது அவளுக்கு நினைவுக்கு வந்தது. அன்று பக்கத்து ஊர்க்காரன் ஒருவன், அவரை யாரென்று தெரியாமலே, பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறான்: நிகானோரின் அக்கா, பட்டாளம் சுற்றிக்கொண்டிருந்த நேரத்திலும் மலைக்குகையில் மெழுகுவர்த்தி ஏற்றி, தம்பிக்கு ஒன்பது நாளும் ஜெபம் வைத்தாளாம். ஒன்பதாம் நாள் தொண்டை கட்டிப்போய்ப் பேச்சே வரவில்லையாம். அப்பா அதைச் சொல்லிவிட்டு, "என் கணக்கு அங்கேயே முடிஞ்சுது மகளே, ஒரு குறை வைக்கல அவ" என்று சிரித்தார். சிரிப்பு முடிகிற இடத்தில் இருமல் வந்தது.

எல்பிதியா அம்மாள் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"என்ன ஆச்சு? ஜனங்க காலையில வெட்டுக்குப் போகணும்."

ஒதிலியா தென்ச்சாவைப் பார்க்கவில்லை.

"அர்னுல்போ சலாஸ்" என்றாள். "ஒன்பது நாளும் அந்தப் பேருதான்."

"முன்னாடியே சொல்லியிருந்தா அந்த ஆறிப்போன காபியைக் குடிச்சிருக்கமாட்டேன்" என்று முனகிக்கொண்டே கிழவி போனாள்.

எல்லோரும் முழங்காலிட்டார்கள். எல்பிதியா அம்மாளின் குரல் கூடத்தின் தகரக் கூரை வரைக்கும் போய்த் திரும்பியது. "அர்னுல்போ சலாஸின் ஆத்துமாவுக்காக" என்று அவள் சொன்னாள். கூட்டம் முணுமுணுத்தது. இரண்டாவது முறை சொன்னாள். மூன்றாவது முறை அந்தப் பேர் வந்தபோது தென்ச்சாவிடமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. முதலில் அது அழுகை என்றே யாருக்கும் தெரியவில்லை. ஏதோ கனமான சாமானைத் தரையில் இழுப்பது போல இருந்தது. எல்பிதியா அம்மாள் ஜெபத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். தென்ச்சா தலையைத் தரையில் முட்டிக்கொண்டு, "அர்னுல்போ, அர்னுல்போ, கடைசியா உன் மண்டையைப் பார்க்கலையேடா, உன் மண்டையை ஒரு தடவை தொட்டுப் பார்க்கலையே" என்று கதறினாள். இரண்டு பெண்கள் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். இந்தலேசியோ வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினார்.

"கூடப்பிறந்தவன்னா சும்மாவா" என்றான் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம். "பாரு."

ஜெபம் முடிந்ததும் ஜனங்கள் வரிசையாக வந்து தென்ச்சாவின் கையைப் பிடித்தார்கள். அண்ணன் எங்கேயும் போகலை அக்கா, அண்ணன் உங்க கூடவேதான் இருப்பாரு என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அவள் ஒவ்வொரு கையையும் விடாமல் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். வரிசை நீளமாக இருந்தது. ஒதிலியாவிடம் வர அதற்கு நேரம் பிடிக்கும்.

அவள் காபிப் பாத்திரத்தைத் தூக்கி வந்து, மேசையில் அடுக்கியிருந்த காகிதக் கோப்பைகளில் ஊற்ற ஆரம்பித்தாள். சேற்று பூட்ஸ் போட்ட ஒரு வயசாளி கோப்பையை நீட்டினார்.

"சர்க்கரை இருக்காம்மா?"

"இருக்கு, எடுத்துட்டு வர்றேன்" என்றாள்.