கோபுரத்து உச்சியில் கட்டம்போட்ட துணி

டென்சில் ஹார்வுட் கடற்படையில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவர். ஐஸ்லாந்துப் பனியில் மீன்பிடிப் படகுகளுக்குக் காவல் போனார், மால்டா வெயிலில் கறுத்தார், தென் அட்லாண்டிக் போருக்குப் போய் முழுசாகத் திரும்பி வந்தார். கமாண்டர் வரைக்கும் ஏறினார். அதற்கு அடுத்த படியான கேப்டன் பதவி மட்டும் ஒவ்வொரு தடவையும் அவரைத் தாண்டி அடுத்தவருக்குப் போய்விட்டது. அந்தக் குறை அவருக்கு இன்னும் ஆறவில்லை.

ஓய்வு பெற்ற மனுஷன் சும்மா இருந்தாரா? இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுக ஊரில் இருந்த சின்ன வீட்டைக் கப்பலாக்கிவிட்டார். காலை ஏழு மணிக்கு மேசையில் முட்டை இருக்க வேண்டும். அலமாரி மேல் விரலால் தடவித் தூசி பார்ப்பார். போன செவ்வாய்க்கிழமை மனைவி முரியல் கடைக்குப் போன நேரம் பார்த்து, அவளுடைய ஜாம் பாட்டில்களை உயரவாரியாக அடுக்கி, பாதியைப் பழசு என்று குப்பையில் வேறு போட்டுவிட்டார்.

"இது என் சமையலறை, கமாண்டர் அய்யா. கடற்படை குடுக்காத கேப்டன் பதவிய இங்க வந்து எடுத்துக்கலாம்னு பாக்குறீங்களா?" என்றாள் முரியல்.

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை அவள் பெட்டி கட்டிவிட்டாள். கடலுக்கு எதிரே இருக்கும் வைட் தீவில், தன் அக்கா ஆட்ரி வீட்டுக்கு.

"எப்ப வருவே?"

"நீங்க எப்பவாவது எனக்குத் தேதி சொல்லிட்டுப் போயிருக்கீங்களா?"

"அது உத்தரவு, முரியல். வெளிய சொல்லக்கூடாது."

"எனக்கும் உத்தரவுன்னு வெச்சுக்குங்க. வழியனுப்பல்லாம் வர வேணாம். டாக்ஸி சொல்லியாச்சு."

கதவு சாத்திக்கொண்டது. வீடு வெறிச்சென்று ஆயிற்று. குண்டு விழுந்த கப்பலில்கூடப் பதறாதவர், சமையலறை நடுவில் நின்று பயந்துபோனார். திரும்பி வராமலே இருந்துவிட்டால்?

ஆணியில் சிவப்புக் கட்டம்போட்ட துணி தொங்கியது. பாத்திரம் துடைக்கிற துணிதான். அதைப் பார்த்ததும் பழசெல்லாம் அவருக்குத் திரண்டு வந்தது.

அந்தக் காலத்தில் அவர் கப்பல் புறப்படும்போதெல்லாம், துறைமுக வாயில் நிற்கும் வட்டக் கோபுரத்து உச்சியில் பெண்கள் கூடிக் கையசைப்பார்கள். அத்தனை கைகளுக்கு நடுவே தன் கை தெரிய வேண்டுமே என்று முரியல் அந்தத் துணியை ஆட்டுவாள். அவர் பார்ப்பார். பார்க்க மட்டும்தான் முடியும். மேல்தளத்தில் வரிசையாக, கைகள் பின்னால், மோவாய் நிமிர்ந்து, நட்ட கம்பம் மாதிரி நிற்க வேண்டும். துறைமுக எல்லையைக் காட்டும் வெளி மிதவையைத் தாண்டிய பிறகுதான் கலையலாம் என்று ஊதல் ஊதும். ஊதியதும் அவர் நேரே கீழே போய்த் தேநீர் குடிப்பார்.

"ஒரு தடவகூட நீங்க திரும்பக் கையாட்டல," என்று கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லோர் முன்னாலும் அவள் வாரிவிடுவாள்.

"கலையறப்போ கோபுரமே புள்ளியாப் போயிடும். ஆட்டினாலும் உனக்குத் தெரியவா போகுது?"

"நான் அதுக்கப்புறமும் ஆட்டிட்டுதான் இருந்தேன்," என்பாள். அவர் சிரித்து மழுப்பிவிடுவார்.

இப்போது துணியையும் பைனாகுலரையும் அள்ளிக்கொண்டு ஓடினார். கோபுரத்துப் படியில் முழங்கால் உயிரை வாங்கியது. மேலே நாயோடு ஒரு பெண்மணி மட்டும் நின்றாள். தீவுக்குப் போகும் ஃபெர்ரி கோபுரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. மேல்தளத்தில், நீலக் கோட்டில், முரியல்.

துணியை ஆட்டினார். அவள் பார்த்துவிட்டாள். பையைக் கீழே வைத்தாள். கைகளைப் பின்னால் கட்டினாள். மோவாயை நிமிர்த்தினாள். அவ்வளவுதான், அசையவில்லை. கிராதகி, ஒன்றைக்கூட மறக்கவில்லை.

அவருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. கை கடுத்தது, மாற்றிக்கொண்டு ஆட்டினார். பதிலே வராத இடத்தைப் பார்த்துக் கையாட்டுவது இவ்வளவு கஷ்டமா? இத்தனை வருஷம் இதைத்தானே அவள் செய்தாள்.

"யாருங்க, பையன் போறானா?" என்றாள் நாய்க்காரி.

"என் சம்சாரம். வைட் தீவுக்கு."

"அட, முக்கா மணி நேரம்கூட ஆகாதே. என்னமோ சண்டைக்கு அனுப்புற மாதிரில்ல ஆட்டுறீங்க."

"திரும்பி வருவாளான்னு தெரியலம்மா."

நாய்க்காரி நாய்க்கயிற்றை மறு கைக்கு மாற்றினாள். "அப்ப நானும் ஆட்டுறேன்," என்று கையைத் தூக்கினாள்.

ஃபெர்ரி துறைமுக வாயைத் தாண்டி, சிறுத்து, வெளி மிதவையையும் கடந்தது. வெறுங்கண்ணுக்கு நீலக் கோட்டு தெரியவில்லை. இந்நேரம் கீழே தேநீருக்குப் போயிருப்பாள், நான் போகவில்லையா என்று நினைத்துக்கொண்டே பைனாகுலரைக் கண்ணில் வைத்தார்.

முரியல் பின்பக்கக் கம்பியோரம் வந்து நின்றிருந்தாள். கழுத்துத் துண்டை அவிழ்த்துத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து அவளுக்குக் கோபுரமே புள்ளியாகத்தான் தெரியும். அதில் அவர் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"போயிடுச்சே, இன்னும் யாருக்கு ஆட்டுறீங்க?" என்று நாய்க்காரி கேட்டாள்.

"அவளுக்குத்தான்," என்றார் டென்சில். கையை இறக்கவில்லை.