கோபிகா கை தூக்கினால்

1

இந்தக் கதை என்னுடைய கற்பனையில் பிறந்ததல்ல. வல்வெட்டித்துறையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, பக்கத்தில் நின்ற உதயகலா சொன்னது. அவளுடைய சட்டையைப் பிடித்தபடி மகள் கோபிகா நின்றாள். ஆறு வயது. "இதை எழுதட்டோ?" என்று கேட்டேன்.

"எழுதுங்கோ அண்ணை. ஆனா கடைசியிலை பிள்ளையைச் சுகப்படுத்திப் போடாதையுங்கோ. கதையெழுதுற ஆக்களுக்கு அந்தப் பழக்கம் இருக்கு."

ஓம் என்று தலையாட்டிவிட்டேன். அன்று போன நித்திரை இன்னும் திரும்பி வரவில்லை.

2

முதல் தொடக்கம்: 'நீல வானில் பட்டங்கள் மிதந்தன. கீழே ஒரு சிறுமி அண்ணாந்து—'

இல்லை. கோபிகா அண்ணாந்து பார்ப்பதேயில்லை.

இரண்டாவது தொடக்கம்: 'ஆட்டிசம் என்பது—' இதையும் விடுங்கள். அதைச் சொல்ல ரீச்சர்மார் இருக்கிறார்கள்.

விசயத்துக்கு வருகிறேன். மார்கழியில் வாடைக்காற்று விழுந்தால் ஊரில் பட்டம் ஏறும். பட்டத்தின் தலையில் ஒரு வில், வில்லில் இழுத்துக் கட்டிய நாடா. அதுதான் விண். காற்றுப் பட்டால் கூவும். கயிற்றைப் பனையில் கட்டிவிட்டுப் போனால் விடியவிடியக் கூவும். ஊருக்கு அது சங்கீதம். கோபிகாவுக்குக் காதுக்குள் ஏறுகிற ஊசி. கட்டிலுக்குக் கீழே புகுந்து, காதைப் பொத்தி, தன் மணிக்கட்டைத் தானே கடிப்பாள். வலிக்கிறது என்று சொல்ல அவளிடம் சொற்கள் இல்லை.

தையில் அவளுக்கு முதலாம் வகுப்பு. பள்ளிக்கூடம் கடற்கரை ஒழுங்கையின், அந்த ஒடுங்கிய தெருவின், மறு தலைப்பில் இருக்கிறது. பட்டங்கள் நிற்பதும் அந்த ஒழுங்கைக்கு மேலேதான். அதைத் தாண்ட முடியாவிட்டால் வகுப்புமில்லை, கூட்டாளிகளுமில்லை, வீடே கதி. உதயகலா நாட்களை எண்ணத் தொடங்கினாள்.

(ஓட்டோவில் கொண்டுபோய் விடலாமே என்று கேட்பீர்கள். முன்கூட்டியே ஒருநாள் ஏற்றிப் பார்த்தாள். கதவில்லாத வண்டிக்குள் சத்தம் ரிக்கெற் எடுக்காமலே ஏறும்.)

3

ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். காதில் பஞ்சு வை என்றாள் ஒருத்தி. கோபிகா பிடுங்கி எறிந்தாள். நாவூறு பட்டிருக்கு, நூல் கட்டு என்றாள் இன்னொருத்தி. கட்டிய நூலும் பஞ்சு போன வழியே போனது. கடைசியில் விசேட பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற கேதீஸ்வரி ரீச்சர்தான் சொன்னார்.

"ஊரின்ரை சத்தத்தை நிப்பாட்ட ஏலாது, உதயகலா. நிப்பாட்டுற அதிகாரத்தைக் கொஞ்சம் பிள்ளையின்ரை கையிலை குடுத்துப் பாருங்கோ."

உதயகலாவின் தம்பி மயூரதன் பெரிய பட்டக்காரன். ஊரிலேயே உரத்துக் கூவுவது அவனுடைய விண்தான். மற்றப் பட்டங்களின் சத்தம் எட்டாத மணற்பக்கம் கோபிகாவைக் கூட்டிப்போனார்கள். அவள் கை தூக்கினால் நிப்பாட்டுவது என்று ஏற்பாடு. அவன் விண்ணை மட்டும் கழற்றிக்கொண்டு தூரப் போய் நின்றான். காற்றுக்கு எதிரே பிடித்தான், கூவியது. கோபிகா கை தூக்கினாள். உடனே மார்போடு மடக்கினான், அடங்கியது. மறுபடி பிடித்தான், மறுபடி தூக்கினாள். மாமனைச் சோதிக்கிறாள் என்பது உதயகலாவுக்கு விளங்கியது. பிறகு கோபிகா சிரித்தாள். பின்னேரத்துக்குப் பின்னேரம் மயூரதன் கிட்டக் கிட்ட வந்தான்.

4

இந்தப் பகுதியை அழித்து அழித்து எழுதுகிறேன். மயூரதன் நல்ல பொடியன். அவனைக் கெட்டவனாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

ஒரு பின்னேரம் வேடிக்கை பார்க்கச் சனம் கூடியது. கோபிகா கை தூக்கினாள். மயூரதன் மடக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம், மருமோள்! இன்னும் கொஞ்சம்!"

சனம் கைதட்டியது. கோபிகா தூக்கிய கையை இறக்காமலே மணலில் விழுந்தாள். மற்றக் கையின் மணிக்கட்டில் இரத்தம் வரும்வரை கடித்தாள்.

உதயகலா ஓடிப்போய் விண்ணைப் பறித்தாள். "கை தூக்கினா நிப்பாட்டு எண்டெல்லே சொன்னது?"

"பயம் தெளியட்டும் எண்டுதான் அக்கா..."

"விண்ணுக்கு இல்லையடா அவள் இப்ப பயந்தது. நீ நிப்பாட்டேல்லை எண்டு பயந்தது."

அதன் பிறகு கோபிகா கட்டிலுக்குக் கீழேயே கிடந்தாள். மயூரதன் நாள்தோறும் வந்து நிலத்தில் குந்தினான். விண் மடியில் சும்மா கிடந்தது. பள்ளிக்கூடம் தொடங்கும் நாள் வேறு நெருங்கியது. ஒருநாள் கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு சின்னக் கை நீண்டு நாடாவைச் சுண்டியது. ம்ம்ம் என்றது விண். அந்தக் கை மேலே எழும்பியது. மயூரதன் நாடாவை அமத்தினான், மூச்சையும் சேர்த்து.

5

இனி முடிவு.

அ) பொங்கலன்று பட்டத் திருவிழா. கோபிகா தன் கையால் பட்டம் ஏற்றுகிறாள். ஊரே எழுந்து கைதட்—

கைதட்டலும் அவளுக்கு ஆகாது. கொடுத்த வாக்கும் இருக்கிறது.

ஆ) அவள் பள்ளிக்கூடம் போகவேயில்லை. (எழுதினேன். அடுத்த வரி எழுதக் கை வரவில்லை.)

இ) உதயகலா சொன்னது. முதல் நாள் காலை, வெள்ளைச் சட்டை, புதுச் சப்பாத்து. ஒழுங்கை முகப்பில் மயூரதனின் பட்டம் கூவுகிறது. கோபிகா கை தூக்குகிறாள். மயூரதன் கை மாற்றி மாற்றி இழுத்து இறக்குகிறான். அவள் நடக்கிறாள். பாதி ஒழுங்கை கடந்தாயிற்று, பள்ளிக்கூட வாசல் படலை தெரிகிறது. அப்போது இன்னொரு விண் கூவுகிறது. யாருடையதென்று தெரியாது. கோபிகா நிற்கிறாள். முதல் தடவையாக அண்ணாந்து பார்க்கிறாள். கை தூக்குகிறாள்.

இந்த இடத்தில்தான் பஸ் வந்தது. தாயும் மகளும் ஏறிப் போய்விட்டார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆகவே பிள்ளையின் உடுப்பைப் பார்த்தும் பள்ளிக்கூடம் போகிறாளா என்று பிடிபடவில்லை.

யாருடையதென்று தெரியாத அந்தப் பட்டத்தின் கயிற்றைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். நானே அந்த ஆளாகலாமா என்று யோசித்தேன். நான் சரிவரமாட்டேன். கதையென்றால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுக்கிற ஆள் நான்.

ஆகவே கயிற்றை உங்கள் கையில் தருகிறேன். நல்ல காற்று. ஊரிலேயே உயரத்தில் நிற்பது உங்கள் பட்டம்தான், இறக்க மனம் வராது என்பதும் தெரியும். கீழே கோபிகா இன்னும் கையைத் தூக்கியபடி நிற்கிறாள். சின்னக் கை, உளையும்.