இறங்காத கால்

வேப்பங்குளத்தூரில் ஒன்றுவிட்டு ஒருநாள் காலை ஆறு மணிக்குத் தெருக்குழாயில் இசை வரும். வீட்டுக்கு ஒரு குடம். பித்தளைக் குடமாக இருந்தால் நல்லது. பிளாஸ்டிக் குடத்தில் பிடித்தால் மத்தியானத்துக்குள் மேல் ஸ்தாயி கொஞ்சம் சுருங்கும், மற்றபடி கெட்டுப்போகாது. பிடித்துவந்த இசையைக் கூடத்தில் ஊற்றி, வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேறு வேலை எதுவும் பார்க்காமல் கேட்க வேண்டும் என்பது பேரூராட்சி விதி.

சுகந்தி அப்படிச் செய்வதில்லை. அவள் குடத்தை நேராக அடுப்படிக்குக் கொண்டுபோய்விடுவாள். மாவு ஆட்ட ஒரு சொம்பு. பாத்திரம் தேய்க்க ஒரு சொம்பு. புருஷன் தனசேகரின் சட்டைக் காலரில் அழுக்குப் போக அரைச் சொம்பு. தனசேகர் லாரி ஓட்டுகிறவன். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனால் ஓசூர் தாண்டும்வரை காலர் முனகிக்கொண்டே வரும், தூக்கம் வராது என்பான். குடத்தில் மிச்சம் இருப்பது மகள் பொன்னிக்கு. பொன்னிக்கு ஒரு வயதும் இரண்டு மாதமும். நடக்கப் பழகுகிற நேரம். கூடத்துத் தரையில் கோடு மாதிரி மெல்லிசாக ஊற்றிவிட்டால், அதில் ஒரு காலை வைப்பாள், அடுத்த காலைத் தூக்குவாள், வைப்பாள். சுவர்வரை போய், அங்கே உட்கார்ந்து தனக்குத் தானே கை தட்டிக்கொள்வாள்.

ஒரு புதன்கிழமை இசை ஆய்வாளர் வரதராசு வந்தார். கூடத்துத் தரையில் கையை வைத்துப் பார்த்தார்.

"கூடம் காய்ஞ்சு கெடக்கே."

"அடுப்படியில ஊத்திட்டேன் சார்."

"உட்கார்ந்து கேட்டீங்களா?"

"நான் உட்கார்ந்துட்டா மாவை யாரு ஆட்டுறது? கேட்டுக்கிட்டேதான் ஆட்டினேன்."

"அதுக்குப் பேரு கேக்கிறது இல்லம்மா. காதுல விழுறது."

"காதுல விழாம எப்படி சார் கேக்கிறது? நீங்க மூக்கால கேப்பீங்களா?"

வரதராசு அதை எழுதிக்கொண்டார். பிறகு, முந்தாநாள் வந்த இசை என்ன சொன்னது என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல. சொல்றதுக்கு ஏதாச்சும் இருந்திருந்தா கடுதாசியா வந்திருக்கும். குழாயில எதுக்கு வருது?"

அதையும் எழுதிக்கொண்டார், எழுத்துப்பிழை இல்லாமல். கொல்லைப் பக்கம் போய், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் சாக்கடையருகே குந்தி உட்கார்ந்தார். உள்ளே தவளைகள் சுருதி பிசகாமல் கத்திக்கொண்டிருந்தன. இரண்டு தவளையைப் பிடித்து உறையில் போட்டு, மேலே தேதி எழுதி, சுகந்தியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காலை பேரூராட்சி ஆள் ஒருவர் வந்து தெருக்குழாயின் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்கள் குடத்துக்கெல்லாம் குழாய் வழக்கம்போல ஊற்றியது. சுகந்தி குடத்தை வைத்ததும் வாயை மூடிக்கொண்டது.

முதலில் சின்னச் சின்னத் தொந்தரவுகள்தான். மிக்சியில் போட்ட தேங்காய், எப்போது அரைபட்டு முடிப்பது என்று தெரியாமல் அரைபட்டுக்கொண்டே இருந்தது. பால் பொங்குவதற்குப் பாதிவரை வந்து நின்றது. இதையெல்லாம் சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் பொன்னி கூடத்தின் நடுவில் நின்று வலது காலைத் தூக்கினாள். தூக்கிய கால் அப்படியே நின்றது. இறங்குவதற்கு வேண்டிய தாளம் வரவில்லை. பொன்னி அழவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுகந்தி கை தட்டிப் பார்த்தாள். ஒரு தட்டு தட்டிய கைக்கு அடுத்த தட்டு எங்கே விழ வேண்டும் என்று தெரியவில்லை. பாடிப் பார்க்கலாமென்றால், குழாய் நிறுத்திய வீட்டில் பாட்டின் முதல் எழுத்தே வாயில் ஏறாது. பக்கத்து வீட்டுத் தமயந்தி அக்கா சுவருக்கு மேலாக ஒரு சொம்பு நீட்டினாள். ஒரு வீட்டுப் பேரில் பிடித்த இசை அடுத்த வீட்டுச் சுவரைத் தாண்டினால் வெறும் சத்தமாகிவிடும். தரையில் ஊற்றியபோது செருப்பைத் தேய்த்து நடக்கிற மாதிரி கேட்டுவிட்டு அடங்கிப்போனது.

"காலைப் பிடிச்சு அமுக்கித்தான் பாரேன்" என்றாள் தமயந்தி.

"பாத்துட்டேன்க்கா. முட்டி மடங்குது, பாதம் எறங்க மாட்டேங்குது."

சுகந்திக்குக் கோபம் வந்தது. பிள்ளையை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பேரூராட்சி அலுவலகத்துக்கு நடந்தாள். இரண்டு தெரு தள்ளித்தான். தூக்கிய கால் வழியெல்லாம் எதிரே வந்தவர்கள்மேல் இடித்தது. எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

இசைப் பிரிவில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் பெரிய அதிகாரி. அவருக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் இரண்டு நிபுணர்கள், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இசை காற்றில் இருக்கிறது என்பது இடப்பக்கத்தவர் முடிவு. காதில் இருக்கிறது என்பது வலப்பக்கத்தவர் முடிவு. பதினோரு வருஷமாக இப்படித்தான்.

பெரிய அதிகாரி ஒரு படிவத்தை நீட்டினார். அதில் ஒரே கேள்வி. இசை என்றால் என்ன? இரண்டு வரிக்கு மிகாமல் எழுதவும்.

சுகந்தி பிள்ளையை மேசைமேல் ஒற்றைக் காலில் நிற்கவைத்துவிட்டு எழுதினாள்: 'வேலையை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகர்த்துவது. தூக்கிய காலை இறக்குவது.'

அதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது இசையோட உபயோகம்மா. விளக்குமாறு என்னன்னு கேட்டா பெருக்குறதுன்னு சொல்ற மாதிரி இருக்கு. இசை எதுக்கும் உதவாது. அதனாலதான் அது உயர்ந்தது."

"அப்ப எதுக்கு சார் அதைக் குழாயில விடுறீங்க?"

"மக்கள் உயரணும்னுதான்."

"எம்புள்ள ஒரு கால் உயந்துதான் நிக்குது. எறக்கிவிடுங்க."

துண்டித்த இணைப்பைத் திரும்பக் கொடுப்பதில் ஒரு சிக்கல் இருப்பதாக அதிகாரி சொன்னார். இசை எங்கே இருக்கிறது என்று முடிவாக வேண்டும். காற்றில் என்றால் குழாயில் இணைக்கலாம். காதில் என்றால் குழாயில் கொடுத்துப் பிரயோசனமில்லை, ஆள்மேலேயே இணைக்க வேண்டும். நிபுணர்கள் இருவரும் ஒத்துப்போகிற அன்று கடிதம் வரும்.

"அதுவரைக்கும் இவ ஒத்தக்கால்ல நிக்கணுமா?"

"நிக்கட்டுமே. பார்க்க நல்லாத்தான் இருக்கு."

சுகந்தி சிரித்த முகக்காரி. கல்யாணமாகி வந்த நாலு வருஷத்தில் அவள் குரல் தெருவுக்குக் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டது.

"பதினோரு வருஷமா முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, உங்க ரெண்டு பேரையும் வீட்டுல யாரும் தேடலையா? காத்துல இருந்தா என்ன, காதுல இருந்தா என்ன? சோறு எலையில இருக்கா, வயித்துல இருக்கான்னு கேட்டுக்கிட்டுப் பசிச்ச ஆளை வாசல்ல நிக்க வைப்பீங்களா? வேலை செய்யுறவ காதுக்கு வந்தா அது அழுக்கு, சும்மா உக்காந்திருக்கிறவன் காதுக்கு வந்தா அது உசத்தியா?"

பொன்னியின் கால் மேசைமேல் தொப்பென்று இறங்கியது. உடனே இடது கால் மேலே போய் நின்றது.

மூவரும் குனிந்து பார்த்தார்கள். சுகந்தி நிறுத்தவில்லை. தவளைகளைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்டாள். இடது கால் இறங்கி வலது கால் ஏறியது.

"இது இசை இல்லை" என்றார் இடப்பக்கத்தவர். "காற்று அசைகிறது, ஆனால் இசை இல்லை."

"இது இசை இல்லை" என்றார் வலப்பக்கத்தவர். "எனக்குக் காது வலிக்கிறது."

"இதில் அர்த்தம் இருக்கிறது" என்று பெரிய அதிகாரி முடித்துவைத்தார். "அர்த்தத்தோடு சொன்னது இசையாகாது."

பதினோரு வருஷத்தில் முதல்முறையாக நிபுணர்கள் ஒத்துப்போயிருந்தார்கள். இருவரும் திரும்பி உட்கார்ந்து கை குலுக்கிக்கொண்டார்கள். ஒருவருக்கு மற்றவர் மீசை வைத்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. இசை எங்கே இருக்கிறது என்பதில் ஒத்துப்போகவில்லை என்பதால் இணைப்பு மட்டும் கிடைக்கவில்லை.

சுகந்தி பிள்ளையைத் தூக்கினாள். பொன்னி வில் மாதிரி பின்னால் வளைந்தாள். நடக்க ஆரம்பித்த பிள்ளை இடுப்பில் ஏற மாட்டாள். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. தரையில் விட்டுத் திட்டிக்கொண்டே கூட்டிப்போக வேண்டியதுதான்.

எல்லாக் கோபமும் ஒரே தூரம் வருவதில்லை என்பது அலுவலக வாசலைத் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. வரதராசுமேல் இருந்த கோபம் ஆறு அடி வந்தது. காலியாகக் கிடந்த இரண்டாவது சிலிண்டரை மாற்றாமல் லாரி ஏறிவிட்ட தனசேகர்மேல் இருந்தது ஒன்பது அடி. மாமியார்மேல் இருந்ததை ரொம்ப நம்பியிருந்தாள். மூன்றே அடியில் தீர்ந்துபோனது. பாதிக் கோபம் உண்மையில்லை என்பதுதான் காரணம். நடிப்புக் கோபத்துக்குக் கால் அசையவே இல்லை.

முதல் தெரு தொடங்கும் இடத்தில், தான் மறந்துவிட்டதாக நினைத்திருந்த ஒன்று அவளுக்கு ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்பில், ஆண்டு விழாவுக்குக் கூட்டமாகப் பாடப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியபோது, டீச்சர் அவள் பக்கத்தில் வந்து காதில், "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்று சொன்னார். அவள் வாயை மட்டும் அசைத்தாள். அப்பாவும் அம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்து, அவள் குரல் தனியாகக் கேட்டதாக ஊரெல்லாம் சொன்னார்கள்.

"எதுக்கு டீச்சர் அசைக்கணும்?" என்று சுகந்தி நடுத்தெருவில் கேட்டாள். "நல்லா இல்லாத குரல் எங்கதான் போவும்? அதுக்கும் ஒரு தொண்டை இருக்குல்ல?"

பொன்னி நூற்று முப்பது அடி நடந்தாள். நடுவில் ஒருமுறைகூட நிற்கவில்லை.

டீக்கடை வந்தபோது அதுவும் தீர்ந்தது. பொன்னி ஒற்றைக் காலில் நின்றாள். டீ ஆற்றிக்கொண்டிருந்த அந்தோணி எட்டிப் பார்த்தார்.

"கோவம் தீந்துபோச்சா தங்கச்சி?"

"தீந்துபோச்சுண்ணே."

"எங்கிட்ட ஒண்ணு கெடக்கு. பழசு. எங்கண்ணன் பொதுக் கெணத்துக்குப் பூட்டுப் போட்ட கோவம். எடுத்துக்க."

இரவல் கோபத்தைச் சொல்வதற்கு முன்னால் உண்மையாகவே கோபப்பட வேண்டும். சுகந்தி விவரம் கேட்டாள். அந்தோணி சொன்னார். கேட்டு முடித்ததும் அவளுக்கே முகம் சிவந்தது. பதினெட்டு அடி.

தமயந்தி அக்கா தெருமுனைவரைக்கும் எதிரே வந்துவிட்டாள். அவள் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"என் கல்யாணத்துக்கு வாசிக்க வந்த நாயனக்காரருக்கு மாட்டுக்கொட்டாய்ப் பக்கத்துல எலை போட்டாங்கடி. வாசிப்பு மட்டும் மணவறைவரைக்கும் வரலாம். வாசிச்ச ஆளு படி ஏறக் கூடாது. மாலையும் கழுத்துமா நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அவரு எலையை மூடிட்டு மறுபடி வந்து வாசிச்சாரு. நான் வாயத் தொறக்கல."

சுகந்தி அதை வாங்கிக்கொண்டாள். இரண்டு பேருமாக அதைச் சொன்னார்கள். குரல் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனது. ஜன்னல்களை யாரும் சாத்தவில்லை. பொன்னி பாதித் தெருவைக் கடந்தாள். நடை ஓட்டம் மாதிரி இருந்தது.

வீட்டுப் படிக்கு மூன்று அடி இருக்கும்போது நின்றுவிட்டது. தமயந்தியிடம் வேறு இல்லை. தெருவில் இருந்தவர்கள் தங்களிடம் தேடிப் பார்த்தார்கள். காய்கறி விலை, கொசு, பேருந்து நேரம் என்று சில்லறைக் கோபங்கள்தான் இருந்தன. ஒன்றுக்கும் கால் அசையவில்லை. சுகந்தி கூப்பிட்டுப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் குரல் போய், பிள்ளைக்கு எதிரே தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் கோபம் ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லை.

பொன்னி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. தூக்கிய காலைப் பார்த்தாள். வீட்டைப் பார்த்தாள். சும்மா உட்கார்ந்திருக்கும் அம்மாவைப் பார்த்தாள். மூக்கு விடைத்தது. கை இரண்டையும் முறுக்கிக்கொண்டாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, சொல் இல்லை, அர்த்தமும் இல்லை. காலை ஓங்கித் தரையில் ஒரு மிதி மிதித்தாள். அடுத்த காலால் இன்னொன்று. மறுபடி இன்னொன்று. அப்புறம் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு படியேறி, அடுப்படிக்குப் போய், சாப்பாட்டுத் தட்டை எடுத்துத் தரையில் தட்ட ஆரம்பித்தாள். உள்ளே பால் பொங்கும் சத்தம் கேட்டது.

தெருவில் பொன்னி மிதித்த மூன்று இடத்திலும் மண் லேசாக விரிந்து, ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் உயரத்துக்கு ஓர் அதிகாரி முளைத்தார். ஒருவர் படிவம் வைத்திருந்தார். ஒருவர் நாற்காலி தேடினார். மூன்றாமவர் நிமிர்ந்து பார்த்து, இதை எந்தக் குழாயில் பிடித்தீர்கள் என்று சுகந்தியிடம் கேட்டார்.

சுகந்தி எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளே போய் விளக்குமாற்றை எடுத்து வந்தாள். முளைத்த உடனே பெருக்கிவிட வேண்டும். சாயங்காலம்வரை விட்டால் வேர் பிடித்துவிடும்.