கல் ராட்சசனின் மூன்றாம் கட்டம்

"அண்ணி மருந்துக்கடையில வேலை பாக்கறாங்க, அதனால ஆட்டத்திலயும் அவங்கதான் வைத்தியர்" என்று நாத்தனார் முடிவு கட்டிவிட்டாள். மாத்திரை எடுத்துக் கொடுப்பதற்கும் மந்திரக்கோலால் உயிர் ஏற்றுவதற்கும் என்ன சம்பந்தமோ! ஆனாலும் அண்ணி தலையாட்டினாள். அவள் புருஷன், அவன் தங்கை, தம்பி மூவரும் சின்ன வயதிலிருந்தே சேர்ந்து ஆடுகிறவர்கள்; அவர்களுக்குள் ஒரு கண்ஜாடை போதும். கல்யாணமாகி வந்த நாளாய் அவளுக்கு ஒரே ஏக்கம், அந்தக் கூட்டத்தில் தானும் ஓர் ஆளாக வேண்டும்.

அதில்தான் இப்போது மண் விழப் பார்த்தது. அந்த ஆன்லைன் ஆட்டத்தில் கடைசியாக வீழ்த்த வேண்டிய பெரிய எதிரி, கல் ராட்சசன். அவனுக்கு மூன்று கட்டம். முதலில் கேடயத்தை உடைக்க வேண்டும், அப்புறம் நெருப்பு மழைக்குத் தப்ப வேண்டும், மூன்றாவதில் அவனுக்கு வெறி பிடித்துவிடும். இவர்கள் நெருப்பு மழையையே தாண்டியதில்லை.

"இன்னிக்கும் தோத்தா, அண்ணிக்கு பதிலா என் சிநேகிதனைக் கூப்பிட்டுக்கலாமா?" என்று மெல்லக் கேட்டான் சின்னவன். அவளுக்குச் சுருக்கென்றது.

நாத்தனார் தன் வேலைப் பையை மேசையில் கவிழ்த்தாள். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவள். பை முழுக்க நட்டும் போல்ட்டும்தான். பெரிய போல்ட் ராட்சசன், நாலு நட்டு இவர்கள்.

"ஏன் தோக்கறோம் தெரியுமா? முன்னால நின்னு அடி வாங்கறது தம்பி. அண்ணி உயிர் ஏத்தறது யாருக்கு? பின்னால ஒளிஞ்சு அம்பு விடற அண்ணனுக்கு!"

"அவருக்கு லேசா கீறினாலும் என் கை தானா அங்க போயிடுது" என்றாள் அவள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"போகட்டும் அண்ணி. கையை மாத்த வேணாம், ஆளை மாத்திடுவோம்." பின்னாலிருந்த நட்டை நகர்த்தி போல்ட்டின் மூக்குக்கு நேரே வைத்தாள் நாத்தனார். "அண்ணா, இது நீ."

"நானா? கரப்பான்பூச்சியைப் பாத்தாலே கட்டில் மேல ஏறற ஆளு நான்!"

"அதுக்குத்தான் அண்ணி இருக்காங்களே."

ஆளுக்கொரு லேப்டாப்போடு ஹாலில் உட்கார்ந்தார்கள். அடேயப்பா, திட்டம் வேலை செய்தது! புருஷன் கத்திக்கொண்டே அடி வாங்கினான், அவள் விடாமல் உயிர் ஏற்றினாள். கேடயம் உடைந்தது. நெருப்பு மழையும் ஓய்ந்தது.

வெறி பிடித்த ராட்சசன் ஒரே வீச்சில் அண்ணனையும் தம்பியையும் குற்றுயிராக்கினான். அவளிடம் மிச்சமிருந்த மந்திரம் ஒருவருக்குத்தான் காணும். ராட்சசன் சாக இன்னும் ஒரே வெட்டு பாக்கி. சின்னவன் வாளை ஓங்கிவிட்டான்.

"என்னைக் காப்பாத்துடி!" என்று அலறினான் புருஷன்.

அவள் கை வழக்கம்போல அவன் பக்கம் போயிற்று. பாதியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு சின்னவனுக்கு உயிர் ஏற்றினாள்.

திரையில் புருஷன் பொத்தென்று விழுந்தான். அடுத்த நொடியே ராட்சசனும் விழுந்தான்.

வீடு இரண்டுபட்டது. சின்னவன், "அண்ணி! அண்ணி!" என்று சோபாவில் ஏறிக் குதித்தான். செத்துப்போன புருஷன்தான் எல்லோரையும்விடப் பெரிதாகக் கத்தினான். "பாத்தீங்களா, என்னை அம்போன்னு விட்டுட்டா!" அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. நாத்தனார் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"எங்க அண்ணனை அம்போன்னு விடற உரிமை இத்தனை நாளா எனக்கும் தம்பிக்கும்தான் இருந்துச்சு. இனிமே உங்களுக்கும் உண்டு அண்ணி!"