மூன்று முட்டைக்கோசுகள்

பெட்டியின் மூடி திறந்ததும் மூன்று முட்டைக்கோசுகள், பக்கத்தில் ஓர் உப்புப் பொட்டலம், அவ்வளவுதான், மூடினேன், மறுபடி திறந்தேன், அதே மூன்று முட்டைக்கோசுகள், இலைகளின் ஓரத்தில் யாரோ பொறுமையாக வரைந்திருந்த சுருக்கங்கள்கூடத் தெரிகின்றன, ஆனால் டிராகன் பல்லில் செய்த வாள் இல்லை, சூனியக்கார அரசியின் கிரீடம் இல்லை, தண்ணீருக்கடியில் மூச்சுவிட வைக்கும் நீலக்கல் மோதிரம் இல்லை, நான்கு மாதத்துப் பிற்பகல்கள் இல்லை, மவுஸின் மேல் என் கை மட்டும் இருக்கிறது, வேறு யாருடையதோ போல, வெளியே புனேயின் வெயில் எதிர்வீட்டுக் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருக்கிறது, காதில் தம்பி இசக்கிராஜ் கோவில்பட்டியிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறான், என்னக்கா சத்தத்தையே காணோம், கிரீடத்த வித்துட்டியா இல்லையா. இந்த விளையாட்டை எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவன்தான், அவனுடைய செல்போன் பழுதுபார்க்கும் கடையில் கூட்டமில்லாத மதியங்களில் அவன் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் ஆளுக்கொரு குகையில் இறங்குவோம், ஆளுக்கொரு பூதத்தைக் கொல்வோம், அம்மா போனபிறகு அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ள வேறு விஷயம் இருக்கவில்லை, பூதங்கள் இருந்தன.

கிடைத்ததை விற்பது அந்த உலகத்தில் லேசான காரியமில்லை, ஊருக்கு ஒரே கடைக்காரன், அவன் பையில் ஒரு நாளைக்கு இவ்வளவு பொற்காசுதான், அது தீர்ந்துவிட்டால் அரசியின் கிரீடத்தையே நீட்டினாலும் உதட்டைப் பிதுக்குவான், நானும் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு திரிய முடியாது, எடை கூடினால் கால் நகராது, அதனால் கட்டில் பக்கத்துப் பெட்டியில் போட்டுவைத்து ஒன்றிரண்டாக எடுத்துப்போய் விற்பேன், அறைக்கு வந்து படுப்பேன், படுத்தால் திரை இருண்டு மறுநாள் விடியும், கடைக்காரன் பை மறுபடி நிறைந்திருக்கும், சில்லறைச் சாமான்களை முதலில் விற்றேன், அருமையானவற்றைக் கடைசிக்கு வைத்தேன், சின்ன வயதிலும் பாயசத்து முந்திரியைக் கடைசியில் தின்கிறவள்தானே நான், எல்லாம் விற்றானதும் ஏரிக்கரை வீட்டை வாங்கவேண்டும், சிவப்பு ஓடு, படிக்கட்டில் அலை வந்து தொடுகிற வீடு, திருமணமாகி ஏழு ஊர், ஏழு வாடகை வீடு, அது எட்டாவதாக இருக்கும், என்னுடையதாக இருக்கும்.

பெட்டில வச்சத ஒண்ணையும் காணோம்ல, என்றேன், எங்கக்கா வச்ச, என்றான், ரூம்ல, எந்த ரூம்ல, மொதல்ல கண்ணு முழிச்சமே அந்த ரூம்ல, கட்டில் பக்கத்துல. அவன் சிரித்தான், ஐயோ அக்கா, அது சத்திரம்லா, போயும் போயும் சத்திரத்துப் பெட்டிலயா கொண்டு வைப்ப, முப்பது நாள் ஆச்சுன்னா எல்லாம் பழையபடி ஆயிரும், காய்கறிய போட்டு வச்சிருவான். நம்ம ரூமுன்னுல்லா நெனச்சேன், என்றேன். நாம கெடந்து எந்திரிச்ச எடமெல்லாம் நம்ம எடமாயிருமாக்கா, பட்டா ஒம் பேர்ல இருந்தாத்தான் பொருள் நிக்கும். ஏம்ல சொல்லல. எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்க்கா.

எனக்குத் தெரியவில்லை, அந்த உலகத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண் திறந்தது அங்கேதான், மேலே மரச்சட்டம், ஜன்னலில் ஒரு கோடு வெளிச்சம், அதை என் அறை என்று யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை, கடைக்காரன் பை நிறையட்டும் என்று நான் தூங்கிய ஒவ்வொரு தூக்கமும் ஒரு நாளாகக் கழிந்து முப்பதை எட்டியிருக்கிறது, என் பொருளுக்காகத் தூங்கித் தூங்கியே அதைத் தொலைத்திருக்கிறேன், கட்டிலில் படுக்கிறேன், கண்ணை மூடுகிறேன், இப்போது நான் படுத்திருப்பது கோவில்பட்டி வீட்டுக் கூடத்தில், தம்பி மனைவி தங்கச்செல்வி புது விரிப்பை உதறி விரிக்கிறாள், நீங்க செவனேன்னு இருங்க மதினி, விருந்தாளி மாதிரி ரெண்டு நாள் வாறீக, அடுக்களைக்குள்ள வந்து என்னத்துக்குக் கஷ்டப்படுதீக, எவ்வளவு பிரியமாகச் சொல்கிறாள், எவ்வளவு வருஷமாகச் சொல்கிறாள், நான் சிரிக்கிறேன், புரண்டு படுக்கிறேன், என் தலைக்கு நேர் மேலே மாடி அறையில் என் பச்சைத் தகரப்பெட்டி இருக்கிறது, விடுதிக்குப் போகும்போது அப்பா வாங்கித் தந்தது, கதவுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளை பெயிண்டில் மூடியின் உள்பக்கம் என் பெயரை எழுதினார், வெளிய எழுதுனா கண்டவனும் வாசிப்பாம்ல என்றார், கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது கொஞ்சம் கீழே சரிந்துவிட்டது, உள்ளே என் நோட்டுகள், பதின்மூன்று வயதிலிருந்து கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை நான் யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்ன நோட்டுகள், ஏழு ஊர் மாறியபோதும் கூடத் தூக்கிக்கொண்டு போகவில்லை, வழியில் தொலைந்துவிடும், அங்கேயே இருக்கட்டும், அங்கே பத்திரமாக இருக்கும், ஒரு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கவேண்டும், முந்திரி போலக் கடைசிக்கு.

ஏல, மாடில எம் பெட்டி இருக்குல்லா, என்று என் வாய் கேட்டது, நான் கேட்கவில்லை, வாய் கேட்டது. எந்தப் பெட்டி. பச்சப் பெட்டி. கடையில் மின்விசிறி சுற்றும் சத்தம், யாரோ சார்ஜர் விலை கேட்கிறார்கள். ஆங், இருக்குக்கா, பெட்டி இருக்கு, என்றான். அப்பம் நோட்டெல்லாம். போன ஆடில மாடிய ஒடச்சுக் கெட்டுனம்லா, அப்பம் எறக்குனோம், பூரா பூச்சி அரிச்சு, செல்வி கேட்டா, என்னங்க செய்யன்னு, பழைய காலேஜ் நோட்டுதானன்னு நாந்தாம்க்கா சொன்னேன், எடைக்குப் போட்டாச்சு.

எடைக்கு. அந்த உலகத்திலும் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் எடை போட்டிருக்கும், வாளுக்கு எடை, கிரீடத்துக்கு எடை, வழியில் கிடைக்கிற புத்தகங்களுக்கும் எடை, எடை தாங்காதபோது நான் முதலில் கீழே போடுவது புத்தகத்தைத்தான், ஒருமுறைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை, யார் எழுதியது என்று பார்த்ததில்லை, தராசுத் தட்டில் என் பதின்மூன்று வயது இருக்கிறது, மேலே என் பதினேழு, அதன் மேல் பெயரைச் சொல்லாமல் ஒருவனைப் பற்றி மட்டுமே எழுதிய என் இருபது, தட்டு இறங்குகிறது, கட்டிய சணலைப் பழைய பேப்பர்க்காரன் இழுத்துப் பார்க்கிறான், போதுமா தம்பி என்கிறான், என் தம்பி சரி என்கிறான், காதிலும் அவன் குரல்தான், அக்கா, லைன்ல இருக்கியா, கோவமாக்கா, பெட்டிய ஒண்ணும் பண்ணலக்கா, நல்ல தகரம், செல்வி அதுலதான் வெங்காயம் போட்டு வச்சிருக்கா, உருளக்கெழங்கும் கெடக்கு, மொளைக்காம இருக்குதுங்கா. அந்தப் பெட்டிய எனக்கு அனுப்பிரு, என்றேன். அனுப்ப என்னத்துக்கு, பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கோ, ஒன் வீடுதான, என்றான், உண்மையாகவே சொன்னான், குரலில் கள்ளம் இல்லை, சின்ன வயதில் என் பங்கு மிட்டாயைத் தின்றுவிட்டு விழிப்பானே அதே பாவமான குரல்.

சரியென்று வைத்துவிட்டேன், திரையில் இன்னும் அந்த அறை, மரச்சட்டம், ஒரு கோடு வெளிச்சம், கதவைத் திறந்துகொண்டு சத்திரக்காரன் வருகிறான், தினமும் காலையில் வருவான், ஏதோ சொல்வான், அவன் வாயைத் திறக்குமுன்பே பொத்தானைத் தட்டி அனுப்பிவிடுவேன், இன்று தட்டவில்லை, கை வரவில்லை, அவன் தொப்பியைத் தூக்கிக் குனிந்து முழுதாகச் சொல்லி முடிக்கிறான், அவன் மொழியில், வருக விருந்தாளியே, இன்னோர் இரவு தங்குகிறீர்களா என்று, நான்கு மாதமாக இதைத்தான் சொல்லியிருக்கிறான். பெட்டியைத் திறக்கிறேன், மூன்று முட்டைக்கோசுகள், ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைக்கிறேன், ஒன்று கட்டிலுக்கடியில் உருண்டு போகிறது, உப்புப் பொட்டலத்தையும் எடுத்துவிட்டேன், வெங்காயத் தோல் வாசம் வருகிறது, புனேயில், மூன்றாவது மாடியில், எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை, பெட்டி காலி, இனி எனக்கு வாள் வேண்டாம், கிரீடம் வேண்டாம், மூடியின் உள்பக்கத்தைப் பார்க்க ஏதாவது வழி இருக்கிறதா என்று அம்புக்குறியை அதன்மேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.