குளியலறைச் சத்தம்

கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனவளை அவளுடைய ஓங்கரிப்பே வரவேற்றது.

யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு, வாளியில் தண்ணீர் விழும் சத்தம். அதற்கு அடியில், வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று அடக்கி அடக்கி எடுக்கும் வாந்தி. நடுநடுவே ஒரு பெண்குரல் "போதும்... போதும்" என்று முனகியது. வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டால் தம்பிக்குக் கேட்காது என்று இத்தனை நாளும் நம்பியிருந்தாள். அவனோ கதவுக்கு அந்தப் பக்கம் போனை நீட்டிப் பதிவு செய்துகொண்டு நின்றிருக்கிறான்.

அவள் வேலை அப்படி. ஊர் உலகம் ஏற்றிவிடும் படங்களில் எது பார்க்கத் தகாதது என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுக்க, முதலில் அவள் பார்த்தாக வேண்டும். வெட்டுப்பட்டவர்கள், அடிவாங்கும் குழந்தைகள், சுற்றி நிற்பவர்களின் சிரிப்பு. ஒன்றைக் கட்டம் கட்டி, அது இன்ன கொடுமை என்று பெயர் வைத்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடி எடுத்துவருகிற நாட்கள்தான் அதிகம்.

"உன் கஷ்டத்தைத்தான் ஊருக்குச் சொல்லப்போறேன் அக்கா. அந்தக் கம்பெனிக்காரனுங்களை நாறடிச்சிடலாம்" என்று தம்பி சொன்னபோது அவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. லீவு போட்டு, தலை வாரி, இஸ்திரி போட்ட உடுப்போடு கிளம்பி வந்தாள். இயந்திரத்தைக் கேள்வி கேட்கும் கலைவிழா என்று வாசலில் ஆளுயர எழுத்தில் போட்டிருந்தார்கள். கறுப்புத் திரைக்குப் பின்னால் இருந்தது தம்பியின் படைப்பு.

உள்ளே ஒருவர் பிஸ்கட்டைக் கடித்தபடி கண்ணை மூடி அவள் வாந்தியை ரசித்துக்கொண்டிருந்தார். பிஸ்கட் தூள் அவர் தாடியில் ஒட்டியிருந்தது. சுவரோரம் தம்பியைச் சுற்றி ஒரு கூட்டம்.

"இது நிஜ ஆளோட குரலா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இல்லைங்க. முழுக்க மெஷின் பண்ணினது. மனுஷ வேதனையை அது எவ்வளவு சுலபமா காப்பி அடிக்குதுன்னு காட்டுறோம்" என்றான் தம்பி.

அவள் கூட்டத்தின் பின்னால் போய் நின்றாள். "அது நான்" என்றாள்.

கூட்டம் திரும்பியது. தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. விழாவை நடத்தும் அம்மாள்தான் முதலில் சுதாரித்துக்கொண்டு ஓடிவந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். மெத்தென்ற, வாசனை பூசிய கைகள்.

"நீங்கதானா அது! அய்யோ, இது இன்னும் பிரமாதம். நாளையிலேருந்து நீங்களே உள்ள வந்து உக்காருங்களேன். ஒண்ணும் பண்ண வேண்டாம், சும்மா இருந்தா போதும். பாக்கறவங்க ஆடிப்போயிடுவாங்க."

இப்போதாவது சீறுவான் என்று தம்பியைப் பார்த்தாள். அவன் கண்ணில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"யோசிச்சுப் பாரேன் அக்கா. விழா முடியற வரைக்கும்தானே."

அலுவலகத்தில் அவள் பார்க்காத கொடுமை இல்லை. பார்க்காதது ஒன்றே ஒன்றுதான்: அதையெல்லாம் படம் பிடித்தவனின் முகம். அது இப்போது அவளைப் பார்த்துக் கெஞ்சலாகச் சிரித்தது.

மூலையில் இருந்த ஒலிப்பெட்டியின் வயரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். "போதும்" என்பது பாதியில் அறுந்தது. பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

"அக்கா, அது வாடகைக்கு எடுத்தது!"

"விடுங்க, போன்ல காப்பி இருக்கும்ல?" என்று அந்த அம்மாள் அவனிடம் கேட்பது திரைக்கு வெளியிலும் கேட்டது.

தெருவில் மழை விட்டிருந்தது. பெட்டியின் வயர் அவளுக்குப் பின்னால் ஈரத்தில் இழுபட்டுக்கொண்டே வந்தது. இரண்டு கடை தாண்டியதும் இழுபடும் சத்தம் நின்றுவிட்டது. அவள் திரும்பவில்லை. தம்பி வயரின் நுனியைத் தண்ணீரில் படாமல் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். அவன் சட்டைப்பையில் போன் அடித்தது, நின்றது, மறுபடியும் அடித்தது.